தமிழ் தெரியாத டீச்சர்

இங்கிலீஷ் வகுப்பில் தமிழ் பேசலாமா, கூடாதா? புதிதாக வேலைக்கு வருகிற ஒவ்வொருவரும் என்னிடம் இதைத்தான் கேட்கிறீர்கள். ஓய்வு பெற்றவளிடம் கேட்டால் பட்டென்று ஒரு பதில் வரும், அதை வைத்துக் காலத்தை ஓட்டிவிடலாம் என்று நினைப்பு. அப்படி ஒரு பதில் என்னிடம் இல்லை. நடந்தது ஒன்று இருக்கிறது, அதைச் சொல்கிறேன். பாடக்குறிப்பு எழுதுவது, கரும்பலகையில் கோடு கோணாமல் எழுதுவது எல்லாம் பயிற்சிப் பள்ளியில் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதற்குள் நான் போகப்போவதில்லை.

நான் திண்டுக்கல்லுக்கு வந்தது ஐம்பதுகளின் கடைசியில். பிறந்து வளர்ந்தது ஹூப்ளியில். அப்பாவுக்கு அங்கே ரயில்வேயில் வேலை. அக்கம்பக்கமெல்லாம் கன்னடம், வீட்டுக்குள் அம்மாவின் தமிழ். அவள் வாய் ஓயாமல் பேசுவாள். அடுப்போடு பேசுவாள், கொடியில் காயும் துணியோடு பேசுவாள். அப்பா போய், பிறகு அம்மாவும் போனதும் அந்த வீட்டில் தமிழ் நின்றுவிட்டது. அண்ணிக்கு அந்த ஊர்தான், அவளுக்குத் தமிழ் வராது. அண்ணனும் அவளோடு கன்னடத்திலேயே பேசிப் பழகிவிட்டான். தமிழ் காதில் விழுகிற ஊராக இருந்தால் போதும் என்றுதான் நான் வேலைக்கு மனுப் போட்டேன். எனக்கு என்ன வாய்த்தது என்று கேளுங்கள்.

அது சின்னப் பெண்கள் பள்ளி. அங்கே ஐந்தாம் வகுப்பில்தான் இங்கிலீஷ் ஆரம்பிக்கும். தலைமையாசிரியையை எல்லோரும் பெரிய டீச்சர் என்பார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். அவர் சென்னையில் ஏதோ பயிற்சி முகாமுக்குப் போய்விட்டு வந்த சூட்டோடு இருந்தார். பொருளைக் காட்டு, பெயரைச் சொல், இங்கிலீஷ் வகுப்பில் தாய்மொழி வாயைத் திறக்கக் கூடாது என்பது அந்த முகாமின் பாடம். நான் போய் நின்றதும் அறைக் கதவைச் சாத்தினார். இந்த ஊரில் யாரையாவது தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். ரயிலை விட்டு இறங்கினதிலிருந்து யாரிடமாவது பேசினாயா என்றார். குதிரைவண்டிக்காரரிடம் பள்ளிக்கூடத்தின் பெயரை மட்டும் சொன்னேன் என்றேன்.

“ரொம்ப நல்லது. இனிமே பேசாத” என்றார்.

நான் விழித்தேன். அவர் விளக்கினார். டீச்சருக்குத் தமிழ் தெரியும் என்று தெரிந்தால் பிள்ளைகள் இங்கிலீஷைத் தொடவே மாட்டார்கள். தெரியாது என்று நம்பிவிட்டால், வெளியே போய்வர அனுமதி கேட்கவாவது வார்த்தை தேடித்தான் ஆக வேண்டும். வகுப்பில் மட்டும் தமிழை நிறுத்துவது அரைக்கிணறு தாண்டுகிற வேலை. ஹூப்ளியிலிருந்து வந்தவள், முகமும் புதுசு, ஊரே நம்பும். எனக்கும் வயசு அப்படி. நாடகத்தில் வேஷம் கிடைத்த மாதிரி இருந்தது. சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

முதல் நாள் சுவரில் ஒரு படத்தாள் தொங்கியது. ஆப்பிள், பனிமனிதன், புகைபோக்கி வைத்த வீடு. ஆப்பிளைத் தொட்டு அதன் பெயரைச் சொன்னேன். வகுப்பு மொத்தமும் சந்தோஷமாகத் தக்காளி என்று கத்தியது. எனக்குத் தமிழ் தெரியாதே, அதனால் திருத்தவும் முடியவில்லை. ஒரு வாரம் அந்தப் பிள்ளைகள் தக்காளிக்கு ஆப்பிள் என்றே பெயர் வைத்திருந்தார்கள். பெரிய டீச்சர் ஜன்னலில் நின்று பார்த்துவிட்டு வந்து படத்தாளைச் சுருட்டிப் பீரோவின் தலையில் போட்டார். அதன் பிறகு நான் ஒரு துணிப்பையில் சாமான் சேர்த்தேன். பூட்டு, சாவி, சீப்பு, கயிறு, கரண்டி, எலுமிச்சம்பழம், ஒரு மர லாரி. பூட்டுக்கு அந்த ஊரில் பஞ்சமா என்ன. சீசனில் நத்தம் மாம்பழம் வந்தால் அதுவும் பையில் ஏறும், பாடம் முடிந்ததும் வயிற்றில் இறங்கும். ஆட்டைத் தேடிப் போக வேண்டியதில்லை, அதுவே வகுப்புக்குள் வரும். கண்ணால் பார்த்துக் கையால் பிடிக்காத பொருளின் பெயர் குழந்தையின் வாயில் தங்காது. படத்தாள் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் பையையும் விடாதீர்கள்.

பெரிய டீச்சர் சொன்னது பலித்தது. அதை நான் மறைக்கப் போவதில்லை. ஒரு நாள் கடைத்தெருவில் போய்க்கொண்டிருக்கிறேன், பின்னாலிருந்து என் வகுப்புப் பிள்ளை ஒன்று, “டீச்சர், கவ்! பிக் கவ்!” என்று அலறியது. ஒதுங்கினேன். கொம்பு என் முந்தானையை உரசிக்கொண்டு போனது. அதைவிட நல்ல இங்கிலீஷை நான் யார் வாயிலும் கேட்டதில்லை.

ஆனால் கடைத்தெருவிலும் வாயை மூடிக்கொண்டு போக வேண்டியிருந்தது. எந்தக் கடையிலும் யாராவது ஒரு பிள்ளையின் அம்மாவோ அண்ணனோ நிற்பார்கள். வெங்காயத்தை விரலால் காட்டி வாங்கினேன். நாகல் நகரில் ஒரு வீட்டின் பின்கட்டு அறையில் குடியிருந்தேன். வீட்டுக்கார அம்மாள் நல்லவர். குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் கொண்டுவந்து வைத்துவிட்டு, என் எதிரிலேயே பக்கத்து வீட்டுக்காரியிடம், “நல்லா லட்சணமாத்தான் இருக்கு, பாவம், வாய்தான் இல்ல. கல்யாணமும் ஆகல பாரு” என்பார். நான் ஒன்றும் புரியாதவளாகச் சிரிப்பேன். குழாயடியில் சண்டை வந்தால் கதவோரம் நின்று முழுசாகக் கேட்பேன். அத்தனை ருசியான தமிழ், ஒரு சொல் கூட எனக்கில்லை.

குளிக்கும்போது மட்டும், தண்ணீர் ஊற்றுகிற சத்தத்துக்குள் அம்மாவிடம் பேசுகிற மாதிரி ரெண்டு வார்த்தை மெல்லச் சொல்லிக்கொள்வேன். தண்ணீர் தீர்ந்தால் பேச்சும் தீர்ந்தது. பெரிய டீச்சரின் அறையில் தமிழ் பேசலாம்தான். ஆனால் அவருக்குப் பள்ளிக்கூடத்தைத் தவிர வேறு பேச்சு கிடையாது. அப்படி ஒரு தனிமையை நான் அதற்கு முன்னும் படவில்லை, பின்னும் படவில்லை. தமிழ் கேட்க ஆசைப்பட்டு வந்தவளுக்குத் தமிழ் நாலு பக்கமும் கேட்டது. என்னைப் பார்த்துப் பேசத்தான் யாரும் இல்லை.

அப்போதுதான் சபுரா வந்தாள்.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளை. அம்மா இல்லை. அப்பா ஆட்டு வியாபாரி ஒருவரோடு வேலைக்குப் போனவர், வீட்டுப் பக்கம் வந்து வெகு நாளாகிவிட்டது. தோல் மண்டி பக்கம் சித்தப்பா வீட்டில் இருந்தாள். பள்ளி விட்டதும் வீட்டுக்குப் போக அவளுக்கு அவசரம் இல்லை. பாடச் சாமான்களைப் பையில் எடுத்து வைக்கிற வேலையைத் தானாக எடுத்துக்கொண்டாள். ஒவ்வொன்றையும் இங்கிலீஷில் பெயர் சொல்லி உள்ளே போடுவாள். லாக், கீ, கோம், ரோப். போட்டு முடித்ததும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தமிழில் பேச ஆரம்பிப்பாள்.

முதல் நாள் சும்மா எதையோ சொன்னாள். மறுநாள், “டீச்சர், உங்களுக்குத்தான் ஒண்ணும் புரியாதே, அதான் சொல்றேன்” என்று தொடங்கினாள். சின்னம்மா தனக்கு மட்டும் வெஞ்சனம் இல்லாமல் வெறுஞ்சோறு போட்டதைச் சொன்னாள். பக்கத்து வீட்டுக் கோழி முட்டையைத் தான் எடுத்துக் குடித்துவிட்டு, பூனை மேல் பழி போட்டதைச் சொன்னாள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. இருமுவது போல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் எழுந்து போய்ப் பானையிலிருந்து தண்ணீர் மொண்டு வந்து கொடுத்தாள்.

அநேகமாக அவள் பேசியது அத்தாவைப் பற்றித்தான். அவர்கள் வீட்டில் அப்பாவை அத்தா என்பார்கள். அத்தா ஆடு மாதிரியே கத்திக் காட்டுவார், உண்மையான ஆடு ஏமாந்து திரும்பிப் பார்க்கும். அத்தாவின் காதோரம் கொம்பு கிழித்த தழும்பு இருக்கிறது. அத்தா வரும்போது பேரீச்சம்பழம் வாங்கி வருவார், கொட்டையைத் தூர எறிய விடாமல் எண்ணச் சொல்வார். நான் மேசை மேல் கையை வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். முகத்தில் ஒன்றும் தெரியக் கூடாது. ஆனால் அந்த ஊரில் என்னைப் பார்த்துச் சொல்லப்பட்ட தமிழ் அது ஒன்றுதான். காலையில் எழுந்ததும் சாயங்காலத்தை நினைத்துக்கொள்வேன். குழந்தை தன் மனசை இறக்கி வைக்க ஒரு சுவர் தேடினாள். அந்தச் சுவருக்கு அவள் பேச்சு சாப்பாடு மாதிரி ஆகிவிட்டது.

ஒரு நாள் சாமானெல்லாம் பையில் போட்டாள், மர லாரியை மட்டும் கையில் வைத்துக்கொண்டாள். அதைத் தரையில் முன்னும் பின்னும் உருட்டிக்கொண்டே சொன்னாள். வீட்டுக்கு வந்த யாரோ சித்தப்பாவிடம் சொன்னார்களாம், அவளுடைய அத்தாவை அய்யலூர் ஆட்டுச் சந்தையில் பார்த்ததாக. நாளைக்குச் சந்தை. தோல் மண்டி ஓரம் நிற்கிற ஆட்டு லாரி விடியக் கருக்கலில் காலியாகப் புறப்படும். பின்பக்கம் சாக்குக் குவியல் கிடக்கும்.

“சாக்குக்குள்ள படுத்துக்கிட்டா யாருக்கும் தெரியாது டீச்சர். அங்க போயி இறங்கி, ஆடு மாதிரி கத்துவேன். அத்தா திரும்பிப் பாப்பாரு. அம்புட்டுத்தான்.”

அவளுக்கு வயசு பத்து. காலி லாரியில் ஏறுகிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன், வழியில் அது எங்கெங்கே நிற்கும் என்பதும் தெரியும். அவளுக்கு அய்யலூர் எந்தத் திசை என்பது கூடத் தெரியாது.

லாரியைப் பையில் போட்டாள். எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். அந்தச் செத்த நேரத்தில் எனக்கு என்னென்னவோ ஓடியது. பெரிய டீச்சரிடம் சொல்லலாம் என்றால் அவர் அன்று மதுரைக்குப் போயிருந்தார். சித்தப்பாவிடம் போய்ச் சொன்னால் முதுகுத் தோலை உரித்துவிட்டு, பள்ளிக்கூடத்தையும் நிறுத்திவிடுவார். பொட்டப்பிள்ளைக்கு இங்கிலீஷ் எதற்கு என்று ஏற்கனவே கேட்டுக்கொண்டிருந்தவர். கையைப் பிடித்து வீட்டில் கொண்டுபோய் விடலாம், ஆனால் விடியக் கருக்கலில் யார் பிடிப்பது? அவளுக்குத் தெரிந்த இங்கிலீஷில் நோ லாரி என்று சொல்லலாம். சொன்னால் மட்டும் என்ன, அவள் தமிழில் சொன்னது எனக்குப் புரிந்தது என்று அதிலேயே தெரிந்துவிடும். எப்படிச் சொன்னாலும் நாடகம் கலைந்தது. கலைவதென்றால் அவளுக்குச் சந்தேகமில்லாமல் புரிகிற மொழியில் கலையட்டும் என்று தோன்றியது.

அவள் வாசலில் நின்று, வழக்கம்போல, “குட் ஈவினிங் டீச்சர்” என்றாள்.

“சபுரா, லாரியில ஏறாத” என்றேன்.

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. அவள் திரும்பினாள். பயப்படவில்லை, அழவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உங்களுக்குத் தெரியுமா?” என்றாள். தெரியும் என்றேன். “எப்ப இருந்து?” என்றாள். முதலிலிருந்தே என்றேன்.

அவள் எதையெல்லாம் சொன்னோம் என்று நினைத்துப் பார்க்கிறாள் என்பது அவள் முகத்தில் தெரிந்தது. முட்டை, வெறுஞ்சோறு, சின்னம்மா, பேரீச்சம்பழம், எல்லாம் ஒவ்வொன்றாக அந்த முகத்தில் வந்து போயின. நான் அவளருகே போய்க் குனிந்து சொன்னேன். நாளைக்கு நானே அய்யலூருக்குப் போகிறேன், அத்தாவைத் தேடுகிறேன், இருப்பதை இருக்கிறபடி வந்து சொல்கிறேன், அதற்குப் பதிலாக நீ லாரிப் பக்கம் போகக் கூடாது.

“சின்னத்தாகிட்ட சொல்லிராதீங்க” என்றாள்.

அவர்கள் சித்தப்பாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். சொல்ல மாட்டேன் என்று கையில் அடித்துக் கொடுத்தேன். என்னிடம் அவள் பேசிய தமிழில் அதுதான் கடைசி. அப்போது எனக்கு அது தெரியாது.

பெரிய டீச்சரின் மேசையில் லீவுச் சீட்டு வைத்துவிட்டு, மறுநாள் கருக்கலில் முதலில் தோல் மண்டிக்குப் போனேன். லாரி நின்றது. சாக்குகளை ஒரு கம்பால் தூக்கிப் பார்த்தேன். டிரைவர் என்னம்மா தேடுறீங்க என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று தமிழிலேயே சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தேன்.

அய்யலூர்ச் சந்தையில் கால் வைக்க இடமில்லை. எங்கு பார்த்தாலும் ஆடு, ஆட்டுக்கு நடுவே மனுஷர். வியாபாரிகள் துண்டைக் கை மேல் போட்டு, உள்ளே விரலைப் பிடித்து, ஒரு வார்த்தை பேசாமல் விலை பேசிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் வாய் ஓயாமல் பேசினேன். கயிறு விற்கிறவரிடம் கேட்டேன், டீக்கடையில் கேட்டேன், ஆட்டுக் கழுத்தில் மணி கட்டிக்கொண்டிருந்த கிழவரிடம் கேட்டேன். காதோரம் தழும்பு, ஆடு மாதிரி கத்துவார், திண்டுக்கல்காரர் என்று ஒவ்வொருவரிடமும் முழுக் கதையையும் சொன்னேன். அவர்கள் பதில் சொன்னார்கள், எந்த ஊரும்மா என்று கேட்டார்கள், வெயிலுக்கு மோர் குடிக்கச் சொன்னார்கள். ஒரு குழந்தையின் அப்பனைத் தேடி அலைகிற அந்த நாளில் நான் சந்தோஷமாக இருந்தேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கம்தான். ஆனால் அதுதான் உண்மை.

வெயில் ஏறின பிறகு ஆளைக் கண்டுபிடித்தேன். ஒரு புளியமர நிழலில் கைப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு பெண் தூக்குச்சட்டியைத் திறந்து சாப்பாடு எடுத்துக்கொண்டிருந்தாள். நான் யாரென்று சொன்னதும் அந்தப் பெண் குழந்தையை வாங்கிக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் போய் உட்கார்ந்தாள். அவர் கெட்ட மனுஷராகத் தெரியவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

“இப்ப இம்புட்டு இருப்பாளா?” என்று தரையிலிருந்து கையை உயர்த்திக் காட்டினார்.

நான் அவர் கைக்கு மேலே என் கையை வைத்து அவள் உயரத்தைக் காட்டினேன். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அடுத்த வாரம் வாரேன்னு சொல்லுங்க என்றார். அவர் வரப்போவதில்லை என்பது எனக்கு அங்கேயே புரிந்தது.

சாயங்காலம் சபுரா வகுப்பில் பையோடு காத்திருந்தாள். வழி நெடுக யோசித்துக்கொண்டுதான் வந்தேன். ஆள் கிடைக்கவில்லை என்று ஒரு பொய் சொன்னால் போதும், பிள்ளை கொஞ்ச நாள் நம்பிக்கொண்டிருக்கும். ஆனால் அவளிடம் எனக்குத் தமிழ் தெரியாது என்ற பொய் ஏற்கனவே இருந்தது. இன்னொன்றை அதன் மேல் வைக்க என்னால் ஆகவில்லை. அத்தா நன்றாக இருக்கிறார், அங்கே அவருக்கு ஒரு வீடு இருக்கிறது, ஒரு தம்பிப் பாப்பா இருக்கிறது, அடுத்த வாரம் வருவதாகச் சொல்லச் சொன்னார். அவ்வளவும் சொன்னேன். வருவார் என்று நானாக எதையும் சேர்க்கவில்லை. அவளும் கேட்கவில்லை. பையைக் கவிழ்த்துச் சாமான்களை மறுபடி ஒவ்வொன்றாகப் போட்டாள். லாக், கீ, கோம், ரோப், லாரி. பையின் வாயைக் கட்டி என்னிடம் கொடுத்தாள்.

“தேங்க் யூ, டீச்சர்” என்றாள்.

அவர் வரவில்லை. சபுரா யாரிடமும் என்னைப் பற்றி மூச்சு விடவில்லை. சந்தைக்குப் போய்வந்த திண்டுக்கல் வியாபாரிகள்தான் ஊரெல்லாம் சொன்னார்கள். ரெண்டே நாளில் வகுப்பு பூராவும் டீச்சர் டீச்சர் என்று தமிழைக் கொட்டியது, அதோடு பெரிய டீச்சரின் முறை செத்தது. வீட்டுக்கார அம்மாள் குழம்புக் கிண்ணத்தை நிறுத்திவிட்டார். இத்தனை நாளாக எங்க பேச்சையெல்லாம் கேட்டுக்கிட்டு இருந்திருக்கியே என்று ஒரே ஒரு தடவை கேட்டார். இப்போது தாராளமாகத் தமிழ் பேசலாம் என்றபோது, என்னைக் கண்டாலே பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். அடுத்த மாசம் வேறு வீடு பார்த்துக்கொண்டேன்.

நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டுப் பெரிய டீச்சர் என்னை நிற்க வைத்துக் கடிந்துகொண்டார். ஒரு பிள்ளைக்காக ஒரு வகுப்பையே விட்டுவிட்டாய் என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, “அது அந்த லாரியில ஏறியிருந்தா நீயும் இந்த ஊர்ல இருந்திருக்க மாட்ட, நானும் இருந்திருக்க மாட்டேன். போ, நாளைக்கு வேற வழி யோசி” என்றார். நான் பார்த்த மேலதிகாரிகளில் திட்டவும் தெரிந்து, திட்டியதை அதே மூச்சில் முடிக்கவும் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

ஆனால் சபுரா மட்டும் மாறவில்லை. சாயங்காலம் அவள் வந்துகொண்டுதான் இருந்தாள், சாமான்களை எடுத்து வைத்தாள். ஒரு குறையும் வைக்கவில்லை. என்னோடு இங்கிலீஷில் மட்டும் பேசினாள். வார்த்தை தெரியாவிட்டால் பொருளைத் தொட்டு, “வாட் இஸ் திஸ், டீச்சர்?” என்பாள். மற்ற பிள்ளைகள் தமிழில் கேட்டு வாங்கிக்கொள்வதையெல்லாம் அவள் இங்கிலீஷில் தேடித் தேடிக் கேட்டாள். வருஷக் கடைசியில் பார்வையிட வந்த கல்வி அதிகாரி அசந்துபோய் அவளைத் தட்டிக் கொடுத்தார். பெரிய டீச்சருக்குத் தலை கால் புரியவில்லை. முறை தோற்கவில்லை பார், இந்தப் பிள்ளையே சாட்சி என்று என்னிடம் சொன்னார். அவள் இங்கிலீஷ் ஏன் அப்படி வளர்ந்தது என்று எனக்குத் தெரியும்.

தமிழ் பேசலாமா என்று கேட்டீர்கள். பிள்ளை லாரியில் ஏறப்போகிறது என்று தெரிந்தால் எந்த முறையானாலும் தூக்கிப் போட்டுவிட்டுப் பேசுங்கள். இன்றைக்கு அந்த வாசலில் நிற்க வைத்தாலும் நான் அதையேதான் சொல்வேன். ஆனால் சரியானதைச் செய்துவிட்டோம், பிள்ளை நம்மிடம் பழையபடி இருக்கும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். சில குழந்தைகள் நமக்குத் தெரிந்ததை நம்பி நம்மிடம் வருவதில்லை, தெரியாததை நம்பி வருகிறார்கள்.

கோடை லீவுக்குப் பள்ளி மூடுகிற அன்று சபுரா சொல்லிக்கொண்டு போக வந்தாள். நத்தத்தில் இருக்கிற மாமி வீட்டுக்கு அவளை அனுப்புகிறார்கள், இனி அங்கேதான் படிப்பு. கடைசித் தடவையாகப் பையைக் கட்டிக் கொடுத்தாள். அவள் தலையில் கையை வைத்தேன், விலகவில்லை. எனக்குத் தாங்கவில்லை. வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

“சபுரா, ஒரே ஒரு வார்த்தை. தமிழ்ல ஏதாவது சொல்லிட்டுப் போ.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் அத்தனை சாயங்காலமும் வைத்துக்கொண்டிருந்தேனே, ஒன்றும் புரியாத முகம், அதை அப்படியே வைத்துக்கொண்டாள்.

“ஐ டோன்ட் நோ டமில், டீச்சர்” என்றாள்.

ஒரு பிழை இல்லை.